சாமை மூட்டை ஏறிய ரயில்

கடுக்காய்க்கொல்லையில் புளியமரத்திலிருந்து ஆள் விழாத வீடு கிடையாது. ஜவ்வாது மலையில் புளி உலுக்குகிற மாசி, பங்குனியில் ஊருக்கு ஒருத்தராவது கையையோ காலையோ ஒடித்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் உலுக்கும்போது அதையே கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். ரங்கன் விழுந்ததில் மட்டும் சிரிக்க எதுவும் இல்லை. அவன் முதுகு அடிபட விழுந்தான். இடுப்புக்குக் கீழே இருப்பது தன் கால்தான் என்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

ஊரிலிருந்து தார் ரோட்டுக்குப் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஓடைக்குள் இறங்கி, பாறைமேல் ஏறி, கொல்லை வரப்புகளைச் சுற்றிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். நடக்க முடியாதவர்களைக் கொண்டுபோக வேண்டுமென்றால் போர்வையை மூங்கிலில் தூளியாகக் கட்டி நாலு பேர் தோள் கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது, கூலி பற்றிப் பேசினாலே முகம் சுளிப்பார்கள். இன்றைக்கு உன் வீட்டுத் தூளிக்கு நான், நாளைக்கு என் வீட்டுத் தூளிக்கு நீ, அவ்வளவுதான் கணக்கு. ரங்கன் நன்றாக இருந்த காலத்தில் எந்த வீட்டுத் தூளியானாலும் முன்பக்கக் கழி அவன் தோளில்தான் இருக்கும். பிரசவ வலி கண்ட பெண்கள், பாம்பு கடித்தவர்கள், காய்ச்சலில் நினைவு தப்பியவர்கள் என்று எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறான். புதுப் பாதையில் போக வேண்டி வந்தால், முதலில் தூளியில் தானிய மூட்டையை வைத்து ஒரு நடை போய்வருவதும் அவன் வழக்கம். மூட்டை சிந்தாமல் போனால்தான் ஆள் போகலாம் என்பான்.

வேலூரில் முதுகுக்கு அறுவை நடந்தது. நரம்பு அறுந்துபோகவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். சென்னையில் அரசு மறுவாழ்வு மையம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி கொடுப்பார்கள், விடாமல் போனால் ஆறேழு மாதத்தில் கம்பைப் பிடித்தாவது நிற்கலாம் என்றார். விட்டுவிட்டால் கால் விறைத்துப்போகும், அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். மங்கம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ரங்கன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்தவன், இனிமேல் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். போளூர் முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி வாசலில் கிடந்தது. கல்லும் மேடுமான அந்த ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கோழி அதன் இருக்கையில் முட்டையிட்டுப் பழகிக்கொண்டது. ஆடி போயிற்று. ரங்கனின் அண்ணன் அர்ச்சுனனும் அவர் மனைவி காந்தாவும் தங்கள் கொல்லையோடு சேர்த்து ரங்கன் கொல்லையிலும் சாமை விதைத்துக் கொடுத்தார்கள். ஆவணியும் போகிற கட்டத்தில் மங்கம்மாள் களிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன் வரமாட்டேன்னு இன்னிக்கு எனக்குச் சொல்லிடு. அப்பால நான் கேக்கல."

ரங்கன் கட்டில் கயிற்றை நெருடிக்கொண்டே சொன்னான். "ஒவ்வொரு தடவையும் நாலு பேரு தூக்கறான் மங்கா. வேலைய வுட்டுட்டு வந்து தூக்கறான். ஒருத்தனும் மூஞ்சி சுளிக்கல. அதான் எனக்குத் தாங்கல. அவன் வூட்டுக்கு ஒண்ணு வந்தா நான் போய்த் தோள் குடுக்க முடியுமா? படுத்துக்கினு வாங்கிக்கினே இருக்கறதுக்கு, இங்கியே கெடந்துட்டுப் போறேன்."

"அப்ப காலு?"

"காலு போச்சு. மானமாவது இருக்கட்டும்."

இதற்கு வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். மங்கம்மாள் பிடிவாதக்காரி. அவள் பிடிவாதம் ஊரைவிடப் பஸ் டிரைவர்களுக்கு நன்றாகத் தெரியும். போளூர் போகிற பஸ்ஸை விட்டால் அன்றைய நாளே போச்சு என்பதால், கடுக்காய்க்கொல்லைக் கூட்டுரோட்டில் ஒரு முறை உண்டு. முதலில் வந்து சேருகிறவர் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொள்ள வேண்டும். பின்னால் கூடையோடும் பிள்ளையோடும் மேட்டில் ஓடிவருகிறவர்கள் வந்து ஏறும் வரைக்கும் அந்தக் காலை எடுக்கக் கூடாது. டிரைவர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் கத்துவார், எதையும் காதில் வாங்கக் கூடாது. மங்கம்மாள் கால் வைத்தால் கடைசி ஆள் ஏறும் வரை பஸ் நகராது. டிரைவர்கள் அவளைத் தூரத்தில் பார்த்தாலே எஞ்சினை அணைத்துவிடுவார்கள்.

அந்தப் பிடிவாதத்தில்தான் அவள் ரங்கனிடமும் நின்றாள். அவளுடைய தம்பி சந்திரன் சென்னையில் ஷெனாய் நகர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல்காரன். தரைமட்டத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே போய் ஆறு மாதம் தங்கிவிட்டால் மலை இறங்கி ஏற வேண்டாம், இன்னும் ஒரே ஒரு தடவை தூளியில் வா, அதோடு சரி என்று சொல்லிச் சொல்லி அவனைக் கரைத்தாள். மகள் கவியா ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கிப் படிப்பதால் அந்தக் கவலை இல்லை. சாமை விளைந்தால் அர்ச்சுனன் தகவல் சொல்வதாக ஏற்பாடு. புரட்டாசி பிறந்ததும் கோழியைத் துரத்திவிட்டு நாற்காலியைத் துடைத்து, ஒரு சாமை மூட்டையும் கொஞ்சம் மொச்சையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

சென்னைக்குப் போனதும் நிலைமை மலையைவிட மோசமாகிவிட்டது. அறையிலிருந்து மையம் ரொம்பத் தூரம் இல்லை, அசோக் நகருக்குப் பக்கத்தில்தான். ஆனால் போவது எப்படி? ஆட்டோக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நின்றவர்கள் சொன்ன தொகை சந்திரனின் சம்பளத்தையே தின்றுவிடும். பஸ்ஸின் படி உயரம். சந்திரன் இரவெல்லாம் காவல் இருந்துவிட்டுக் கண் எரிய வந்து, ரங்கனின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவான். உள்ளேயிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். வேட்டி அவிழும். நாற்காலியை மடித்து ஏற்றுவதற்குள் பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கும். ஊரில் தூக்கியவர்கள் அவனைப் பெயர் சொல்லித் தூக்கினார்கள். இங்கே அவனை யாரும் பார்க்கக்கூட இல்லை, சுமையைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை, அப்படி இழுத்ததில் ரங்கனின் முழங்கால் படியில் சிராய்த்து ரத்தம் வந்தது. உணர்ச்சி இல்லாத கால், அவனுக்கு வலிக்கவில்லை. அறைக்கு வந்து மங்கம்மாள் துடைக்கும்போதுதான் அவனே பார்த்தான். அன்று ராத்திரி சோற்றைத் தொடவில்லை.

"என்னை மலைக்கே இட்டுக்கினு போயிடு" என்றான். "இல்லாட்டி இங்கியே கெடக்கறேன். ஆனா அந்த எடத்துக்கு வரமாட்டேன். நீ கால்ல விழுந்தாலும் சரி."

சந்திரன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். மங்கம்மாள் கண்ணாலேயே அவனை அடக்கினாள். ரங்கன் சொல்வதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதே சமயம் அவனை இப்படியே விட்டுவிட அவளால் முடியாது. ஒரு மூட்டைக்குச் செய்கிற மரியாதையைக்கூடத் தன் புருஷனுக்குச் செய்ய முடியாத ஊரில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் சந்திரனுக்கு டீ வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் யாரிடமோ போனில் "இன்னா, போளூர் போனவரு இன்னும் வூட்டுக்கு வரலியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. தன் ஊர்ப் பேச்சைக் கேட்டால் மங்கம்மாளால் சும்மா இருக்க முடியாது. விசாரித்ததில் அவள் கலசப்பாக்கத்துக்காரி, பெயர் சசிகலா, கீழே மெட்ரோ ஸ்டேஷனில் துப்புரவு வேலை. பேச்சு ரங்கனைப் பற்றி வந்தது. சசிகலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இத்தனை நாள் ஏன் பஸ்ஸில் போனீர்கள் என்று கேட்டாள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் தினமும் இந்த ரயிலில்தான் வேலைக்குப் போகிறார்கள், அசோக் நகருக்கு நேராகவே வண்டி இருக்கிறது என்றாள்.

அந்த ஸ்டேஷன் வாசலை மங்கம்மாளும் பார்த்திருக்கிறாள். பூமிக்குள் இறங்கிப் போகிற படிக்கட்டைப் பார்த்ததும், இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டாள். சந்திரனும் அப்படித்தான் நினைத்திருந்தான். அது ஆபீஸ்காரர்கள் ஏறுகிற வண்டி, நமக்கெல்லாம் இல்லை என்பது அவன் எண்ணம். படிக்கட்டுக்குப் பின்பக்கம் லிப்ட் இருப்பதை அக்காவும் தம்பியும் ஒரு நாளும் சுற்றிப்போய்ப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்து சொன்னபோது ரங்கன் நம்பவில்லை. "எங்கியாவது ஒரு எடத்துல படி இருக்கும். அங்க எவனாவது வந்து தூக்குவான்" என்றான். பேச்சை வளர்த்துப் பிரயோஜனம் இல்லை என்று மங்கம்மாளுக்குப் புரிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சாமையில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அந்த மூட்டையைத் தூக்கி நாற்காலியில் வைத்து, தன் பழைய சேலையால் சுற்றிக் கட்டினாள். ரங்கன் கட்டிலிலிருந்து பார்த்தான். அவள் என்ன செய்கிறாள் என்று அவனுக்கு உடனே விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாமை மூட்டையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற மலைப் பொம்பளையை ஸ்டேஷன் வாசலில் காவலுக்கு நின்ற வெற்றிச்செல்வன் இரண்டு தடவை பார்த்தான். மூட்டையில் என்ன என்று கேட்டான். சாமை என்றாள். மூட்டையை இறக்கி, பைகளைச் சோதிக்கிற எந்திரத்துக்குள் அனுப்பினார்கள். அது அந்தப் பக்கம் வந்து விழுந்தது. நோயாளி எங்கே என்று அவன் கேட்டான்.

"இதான் இன்னிக்கு நோயாளி" என்றாள் மங்கம்மாள். "இது ஒழுங்காப் போய்ட்டு வந்தா, திங்கக்கெழம அவரை இட்டுக்கினு வர்றேன்."

வெற்றிச்செல்வனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் அகலமான வழியைத் திறந்துவிட்டான். லிப்ட் இறங்கியது. தரை கண்ணாடி மாதிரி இருந்தது, சக்கரம் சத்தமே இல்லாமல் உருண்டது. வண்டி வந்து நின்று கதவு திறந்தபோது மங்கம்மாள் முதலில் கீழேதான் பார்த்தாள். நடைமேடையும் வண்டியின் தரையும் ஒரே மட்டம். நடுவில் விரல்கடை இடைவெளி. நாற்காலியை லேசாக அழுத்தித் தள்ளினாள், போய்விட்டது. உள்ளே நாற்காலிக்கென்றே ஓர் இடம், சுவரில் படம் போட்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தது. யாரும் மூட்டையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் இருட்டுக்குள் ஓடிய வண்டி, கோயம்பேடு வருவதற்குள் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. கீழே ரோட்டில் பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. முந்தின நாள் அந்த நெரிசலில்தான் ரங்கனின் வேட்டி அவிழ்ந்தது. மங்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே போனாள். அசோக் நகரில் இறங்கி, லிப்டில் ரோட்டுக்கு வந்து, மையத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். அங்கே சாய்தளம் இருப்பது அவளுக்குத் தெரியும். திரும்பினாள். அறைக்குள் வந்து மூட்டையை அவிழ்க்காமலேயே ரங்கன் முன்னால் நிறுத்தினாள்.

"போய்ட்டு வந்துட்டேன். ஒரு எடத்துலயும் ஒருத்தரும் தூக்கல. எந்திரத்துக்குள்ள வுட்டு எடுத்தாங்க, அதோட சரி. உன்னை அதுல வுடமாட்டாங்களாம், கேட்டுட்டேன்."

ரங்கன் மூட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அன்று அந்தச் சாமையிலேயே சோறு வடித்து மொச்சைக் குழம்பு வைத்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

அப்புறம் வாரம் மூன்று நாளும் போனார்கள். முதல் நாள் ரயிலுக்குள் நுழையும்போது ரங்கன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். எங்கேயோ ஒரு கை வந்து கக்கத்தில் நுழையும் என்று அவன் உடம்பு எதிர்பார்த்தது. கை வரவில்லை. கதவு மூடிய பிறகுதான் கண்ணைத் திறந்தான். சில நாள் போனதும் வண்டிக்குள் மட்டும் தானே சக்கரத்தைத் தள்ளித் தன் இடத்துக்குப் போகப் பழகினான். வெற்றிச்செல்வன் அவனை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தான். சந்திரன் பகலில் தூங்க ஆரம்பித்தான், அவன் கண்ணில் சிவப்பு போயிற்று. மையத்தில் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்திப் பட்டை கட்டியபோது, தொடையில் ஏதோ எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றான் ரங்கன். பயிற்சி கொடுக்கிறவர் அதைக் கேட்டு மங்கம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஐப்பசி கடைசியில் அர்ச்சுனன் போன் செய்தார். சாமை முற்றிவிட்டது, மழையும் கட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னும் விட்டால் மணி எல்லாம் கொல்லையிலேயே உதிர்ந்துவிடும். அவர்கள் கொல்லையையே அறுக்க ஆள் போதவில்லை, நீ வந்தால்தான் ஆயிற்று என்றார். மங்கம்மாள் எப்படிப் போவாள்? ஒரு வாரம் போனால் மூன்று நாள் பயிற்சி போகும். அப்படி விட்டால் இப்போதுதான் ஊர ஆரம்பித்த எறும்பும் போய்விடும் என்று பயம். போகாவிட்டால் வருஷத்துச் சாப்பாடு போகும். கவியாவுக்குப் பொங்கலுக்குத் துணி எடுப்பதுகூட அந்தச் சாமையில்தான். இரண்டு நாள் இதையே மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நல்ல மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ்கள் அங்கங்கே நின்றுவிட்டன. ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் என்றைக்கும் இல்லாத கூட்டம். வண்டி வந்ததும் ரங்கனை உள்ளே தள்ளினாள். தானும் ஏறப் போனவள், லிப்ட் பக்கமிருந்து ஒரு வயசான அம்மாள் ஈரப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வருவதைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. ஒரு காலை வண்டிக்குள்ளும் ஒரு காலை நடைமேடையிலும் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கதவு வந்து இடித்துத் திரும்பியது. மறுபடியும் வந்தது. எங்கேயோ மணி அடித்தது. உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். கத்துவது அவளுக்குப் பழக்கம்தான். கூட்டத்துக்காக அன்று நடைமேடையில் காவலுக்கு நின்ற வெற்றிச்செல்வன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா, காலை எடுங்க."

"ஒரு ஆளு வர்றாங்கப்பா. வுட்டுட்டுப் போகச் சொல்றியா?"

அவன் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இழுத்தது நல்லதற்குத்தான். ஆனால் கதவு சாத்திக்கொண்டது, அவள் வெளியே, ரங்கன் உள்ளே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அவளைப் பார்த்து என்னவோ சொன்னான். வண்டி போய்விட்டது.

விழுந்த நாளிலிருந்து ரங்கனை மங்கம்மாள் தனியாக எங்கேயும் விட்டதில்லை. வண்டி போனால் நாள் போயிற்று என்பது அவள் ரத்தத்தில் ஊறிய சங்கதி. நடைமேடையிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் யாருக்காகக் கால் வைத்தாளோ அந்த அம்மாள் சாவகாசமாக வந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, "எனக்காகவா நின்னே? எதுக்கும்மா? அதோ அடுத்தது வருதே" என்று மேலே தொங்கிய பலகையைக் காட்டினாள். அதில் நிமிஷம் குறைந்துகொண்டே வந்தது.

வெற்றிச்செல்வன் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டான். பதிலும் வந்தது. அங்கே ஆள் போய்க் கதவருகில் கேட்டதற்கு, நான் இறங்க வேண்டிய இடம் அசோக் நகர், இங்கே இறங்கமாட்டேன், நானே போய்க்கொள்கிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். மங்கம்மாள் அதை நம்பாமல் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. எவ்வளவு பேர் நின்றார்களோ அத்தனை பேரும் ஏறினார்கள். யாருக்காகவும் யாரும் கால் வைக்க வேண்டியிருக்கவில்லை.

வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துத் தேடினாள். அவன் எங்கேயும் இல்லை. அசோக் நகரில் இறங்கி, லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியில் ஓடினாள். ரோட்டுக்கு வந்ததும் தூரத்தில் அவன் முதுகு தெரிந்தது. தூறலில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் சக்கரத்தை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டு போனான். முன்னால் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்றது. யாரோ ஓர் ஆள் குனிந்து கைப்பிடியைப் பிடிக்கப் போக, ரங்கன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். பின்னுக்கு நகர்ந்தான். ஓரமாகச் சுற்றினான். ஒரு சக்கரம் சேற்றில் சிக்கியது. ஆட்டினான், அசைத்தான், வெளியே வந்தான்.

ஓடிப்போய்ப் பிடிக்க அவள் கை துறுதுறுத்தது. போகவில்லை. ஒரு கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றுகொண்டாள். சந்தோஷமாக இருந்தது. கூடவே, இத்தனை நாள் தான் பிடித்த கைப்பிடி தன்னை விட்டுப் போகிறதே என்று ஒரு வருத்தமும் வந்தது. இரண்டும் உண்மைதான். அவன் சாய்தளத்தில் ஏறி உள்ளே போகும் வரைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நடந்தாள்.

அன்று சாயங்காலம் அறையில் உள்ளங்கைக் கொப்புளங்களுக்கு அவள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ரங்கன் பேச்சை எடுத்தான்.

"ஊருக்குப் போ. சாமைய அறுத்துட்டு வா."

"நீ?"

"போவேன், வருவேன். இன்னிக்குப் போவலியா?"

"வழியில இன்னா ஆவும் ஏது ஆவும்னு..."

"இன்னா ஆவும்? ஒண்ணு வுட்டா ஒண்ணு வருது. எனக்காக ஒருத்தரும் வண்டிய நிறுத்தத் தேவையில்ல, ஒருத்தரும் ஏத்திவுடத் தேவையில்ல. இந்த எட்டு மாசத்துல நான் யாருக்கும் பாரமா இல்லாத எடம் அது ஒண்ணுதான் மங்கா. அங்க என்னைத் தனியா வுடு."

மங்கம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். மறுநாள் காலையிலேயே போளூர் பஸ் ஏறினாள்.

மலையில் குளிர் இறங்கியிருந்தது. விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி கொல்லையை விட்டுப் போகவில்லை. சாமைக் கதிர் தலை கவிழ்ந்து பழுத்து நின்றது. மங்கம்மாளும் காந்தாவும் இன்னும் நாலைந்து பெண்களும் வரிசை பிடித்து அறுத்தார்கள். ஈரத் தாள் கையை அறுத்தது. நடுவில் கேழ்வரகுக் களியும் புளிச்சாறும் பாறைமேல் வைத்துத் தின்றார்கள். அந்தப் பாறைமேல் நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். பயிற்சி நாளில் அவள் ஏறி நிற்பாள், ரங்கன் போய்ட்டு வந்துட்டேன் என்பான், அவள் சரி என்பாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. ஆனால் இறங்கி வந்தால் அவள் அரிவாள் வேகமாக ஓடும்.

ஊரில் பேச்சு எழாமல் இருக்குமா? நடக்க முடியாத புருஷனைப் பட்டணத்தில் தனியே விட்டுவிட்டுச் சாமைக்காக வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். காந்தா அதைக் காதில் போட்டாள். கடைசிக் கட்டு களத்துக்கு வந்த அன்று அர்ச்சுனனே நேரில் கேட்டார். தூளிக்குத் தோள் கொடுத்த பழனியும் கோபால்சாமியும் கூட இருந்தார்கள்.

"அவனை இப்ப யாரும்மா தூக்கறாங்க?"

"ஒருத்தரும் தூக்கறதில்லைங்க மாமா. தானே போறாரு, தானே வர்றாரு."

அர்ச்சுனன் நம்புவதா வேண்டாமா என்று பழனியைப் பார்த்தார். பிறகு, பொங்கலுக்கு வருவான் இல்லையா, எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் கூட்டுரோட்டுக்கு நாலு பேரும் மூங்கிலோடு வந்து நிற்கிறோம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். பழனியும் தலையை ஆட்டினான்.

மங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். ரயிலின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டமாக இருந்ததை அவள் மறக்கவில்லை. வந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் நடக்கும்போதெல்லாம் ஓடையையும் பாறையையும் அளந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மூங்கில் வேணாங்க மாமா" என்றாள். "தூளி கட்டினா அவரு வரமாட்டாரு. நீங்க நாலு பேரும் தோள் குடுத்தீங்க, நான் மறக்கல, அவரும் மறக்கல. பொங்கலுக்கு இன்னும் நாள் கீது. அந்தத் தோள்ல மம்முட்டிய வெச்சுக்கினு வாங்க. பாறைய ஒட்டி மண்ணு கொட்டிச் சரிவு பண்ணலாம். ஓடையில கல்லு பரப்பலாம். நாளைக்கு எந்த வூட்ல வலி வந்தாலும் அந்த வழிலயே போவலாம். நீங்க வராட்டி நான் ஒருத்தியே வெட்டறேன்."

கோபால்சாமி பாறையில வேலை லேசு இல்லம்மா என்று முனகினார். லேசு என்று நான் சொல்லவில்லையே என்றாள் அவள். பழனி எழுந்து களத்து ஓரத்துக்குப் போய் ஓடைப் பக்கம் பார்த்துவிட்டு வந்தான். அர்ச்சுனன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"எவ்ளோ அகலம் வேணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு சக்கரம் போனாப் போதுங்க மாமா" என்றாள் மங்கம்மாள். "பக்கத்துல ஆள் நடக்கறதுக்கு வேணாம்."